ஜுபிட்டர் நோட்புக்கில் கேர்னல் ஏன் சாகிறது, காரணத்தை எங்கே தேடுவது

பிரவுசரில் பைதன் கோடைத் துண்டு துண்டாக எழுதி ஓட்டுகிற இடம்தான் ஜுபிட்டர் நோட்புக், ஒவ்வொரு துண்டும் ஒரு செல். அதில் ஒரு செல்லை ஓட விட்டிருக்கிறீர்கள், பக்கத்தில் நட்சத்திரக் குறி நிற்கிறது, திடீரென்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேர்னல் இறந்துவிட்டது போலிருக்கிறது, தானாகவே மறுபடி தொடங்கும் என்கிறது. எந்த வரியில் பிழை, என்ன பிழை, ஒன்றும் சொல்வதில்லை. அதுவரை ஏற்றி வைத்த டேட்டா, பயிற்றுவித்த மாடல், மாறிகள் எல்லாம் போய்விட்டன. திரும்ப முதல் செல்லிலிருந்து ஓட்டினால் சில நேரம் கரைச்சல் இல்லாமல் முடிகிறது, சில நேரம் வேறோர் இடத்தில் விழுகிறது. அதனால்தான் பலரும் இது சும்மா நடக்கிற ஒன்று என்று முடிவு கட்டிக்கொண்டு ரீஸ்டார்ட் பட்டனோடு காலத்தை ஓட்டுகிறார்கள்.

சும்மா நடப்பதில்லை. அநேகமாக எப்போதும் காரணம் எங்கேயோ எழுதப்பட்டிருக்கும், ஆனால் நோட்புக் பக்கத்தில் மட்டும் இருக்காது. அது ஏன் என்று விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஆகவே அதிலிருந்து தொடங்கலாம்.

நீங்கள் பிரவுசரில் பார்க்கிற நோட்புக் வெறும் முகம்தான். உங்கள் பைதன் கோட் ஓடுவது வேறொரு புரோகிராமில், அதுதான் கேர்னல். லினக்ஸின் உள்ளே இருக்கிற கேர்னலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தேடும்போது அந்தக் குப்பையும் சேர்ந்து வரும், கவனம். இரண்டுக்கும் நடுவில் ஜுபிட்டர் சேர்வர் என்று ஒன்று இருக்கிறது. சேர்வரும் கேர்னலும் ஸீரோஎம்கியூ என்ற செய்தி முறையில் பேசிக்கொள்கின்றன. பெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கிய ஐபைதன் வளர்ந்து, 2011-இல் அதற்கு நோட்புக் வந்து, 2014-இல் ஜுபிட்டர் என்று பெயர் மாறியபோதும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்ந்தது. ஜூலியா, ஆர் போன்ற மொழிகளுக்கும் அதே முகம் பொருந்துவது இதனால்தான்.

இப்போது பாருங்கள். உங்கள் கோடில் சாதாரணப் பிழை இருந்தால், பூச்சியத்தால் வகுத்துவிட்டீர்கள் என்று வைப்போம், பைதன் உயிரோடு இருந்துகொண்டு இந்த வரியில் இந்தப் பிழை என்று சிவப்பு எழுத்தில் சொல்லும். அதைச் சொல்வதற்கு பைதன் இருக்க வேண்டும். கேர்னல் சாகும்போது போவது அந்தப் பைதனே. போனில் கதைத்துக்கொண்டிருந்தவரின் லைன் அறுந்துவிட்டால் அறுந்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், மறுபக்கம் என்ன நடந்ததென்று தெரியாது இல்லையா, நோட்புக்கின் நிலையும் அதேதான். ஆகவே நோட்புக்கையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அதற்கு முன் ஒன்று: உண்மையிலேயே கேர்னல்தான் செத்ததா?

இதைக் கேட்காமலே பலர் மணிக்கணக்கில் மினக்கெடுகிறார்கள். நட்சத்திரக் குறி அரை மணித்தியாலமாக நிற்கிறது என்றால் அது சாவு அல்ல, வேலை நடக்கிறது, அல்லது முடிவில்லாத லூப் ஒன்றுக்குள் மாட்டியிருக்கிறது. பக்கமே உறைந்து ஸ்க்ரோல் கூடச் செய்ய முடியவில்லை என்றால், லூப்புக்குள் பிரிண்ட் போட்டு இலட்சக்கணக்கான வரிகளைக் கொட்டியிருப்பீர்கள், திணறுவது பிரவுசர், கேர்னல் நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் இணைப்பு. கரண்ட் போய் ரவுட்டர் நின்றால், உங்கள் லப்டொப்பிலேயே ஓடுகிற ஜுபிட்டருக்கு ஒன்றும் ஆகாது. அது 127.0.0.1 என்ற சொந்த முகவரியில்தான் ஓடுகிறது, இன்டர்நெட்டே தேவையில்லை. ஆனால் கூகுள் கொலாபிலோ கம்பஸ் சேர்வரிலோ வேலை செய்தால் கதை வேறு. இணைப்பு அறுந்தாலும் அங்கே கேர்னல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் அந்த இடைவெளியில் வந்த வெளியீடு உங்கள் பக்கத்துக்கு வந்து சேராமல் போகலாம். கன நேரம் தொடாமல் விட்ட கேர்னலை சேர்வரே மூடிவிடுவதும் உண்டு, பலர் பகிர்ந்து பாவிக்கிற சேர்வர்களில் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் கேர்னல் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாளும் சாகவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் இல்லை, கேர்னல்தான் செத்தது. இனி எங்கே பார்ப்பது?

முதல் இடம், ஜுபிட்டரைத் தொடங்கிய அந்தக் கறுப்பு டெர்மினல் ஜன்னல். எல்லோரும் சிறிதாக்கி வைத்துவிட்டு மறந்துபோகிற ஜன்னல் அது. கேர்னலின் கடைசி வார்த்தைகள் அங்கேதான் விழும். விஎஸ் கோட் பாவிப்பவர்கள் அவுட்புட் பகுதியில் ஜுபிட்டர் என்ற பதிவைத் திறக்க வேண்டும். விஎஸ் கோட் காட்டுகிற செய்தியில் ஒரு நல்ல விஷயம், இந்தச் செல்லிலோ இதற்கு முந்தைய செல்லிலோ ஓடிய கோடினால் கேர்னல் விழுந்தது என்று சொல்லும். அந்த "முந்தைய" என்பதை யாரும் வாசிப்பதில்லை. மெமரியைப் பழுதாக்கியது மூன்றாவது செல், விழுந்தது ஏழாவது செல் என்பது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாவது இடம் இயங்குதளம். லினக்ஸ் என்றால் டீமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி, கில்ட் புரோசஸ்" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் பைதனின் பெயர் நின்றால் வழக்கு முடிந்தது. விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். பைதன் விழுந்த நேரத்துக்கு ஒரு சிவப்புப் பதிவு இருந்தால் திறந்து பாருங்கள், எந்த டிஎல்எல் பைலில் விழுந்தது என்ற பெயர் வரை இருக்கும்.

இந்த இடங்களில் தேட வேண்டியது முக்கியமாக ஓர் எண். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு புரோகிராமை வெளியிலிருந்து கட்டாயமாகக் கொன்றால் அது 9-ஆம் இலக்க சிக்னல், அதாவது இயங்குதளம் புரோகிராமுக்கு அனுப்புகிற அறிவிப்பு. தனக்குச் சொந்தமில்லாத மெமரி இடத்தைத் தொட்டு விழுந்தால் 11. பதிவில் இது -9, -11 என்று வரலாம், புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிற டொக்கர் மாதிரி இடங்களில் 128-ஐக் கூட்டி 137, 139 என்று வரும். விண்டோஸில் 11-க்கு ஈடாக வருவது 3221225477 என்ற நீண்ட எண். 9 என்றால் அநேகமாக ராம் போதவில்லை. 11 என்றால் ஏதோ ஒரு லைப்ரரி குழம்பியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு, எண்ணைப் பார்க்காமல் ஆரம்பித்தால் ராம் பிரச்சினைக்கு லைப்ரரியை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

ராம்: பெரும்பாலான சாவுகள் இங்கேதான்

மெமரி முடிந்தால் பைதன் மெமரி எரர் என்று அழகாகச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சில நேரம் சொல்லும், விண்டோஸில் அதிகமாகவே சொல்லும். லினக்ஸ் அப்படி இல்லை. ஒரு புரோகிராம் மெமரி கேட்டால் லினக்ஸ் தாராளமாகத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும், கையில் அவ்வளவு இல்லாவிட்டாலும். அந்த இடத்தில் உண்மையிலேயே எழுதத் தொடங்கும்போதுதான் இடம் ஒதுக்கப்படும். ஒரு கட்டத்தில் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றால் முழு மெஷினும் நிற்காமலிருக்க ஒரு புரோகிராமைத் தெரிந்தெடுத்துக் கொல்லும், பொதுவாக அதிகம் விழுங்கிக்கொண்டிருப்பதைத்தான். உங்கள் கேர்னல்தான் அது. கொல்லப்படுவதற்கு முன் பைதனுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் அவகாசம் கிடைக்காது.

இதில் ஆட்களைக் குழப்புவது கணக்கு. ஓர் அட்டவணையில் ஒரு கோடி நிரை (ரோ), 20 நிரல் (கொலம்), எல்லாம் தசம எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணுக்கு 8 பைட், ஆகவே 1.6 ஜிபி. 8 ஜிபி லப்டொப்புக்கு இது பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் விண்டோஸும் நாற்பது டேப் திறந்த குரோமும் அதில் பாதியை முன்பே எடுத்திருக்கும். அதற்கு மேல் வரிசைப்படுத்தி ஒரு பிரதி, வடிகட்டி இன்னொரு பிரதி, அட்டவணைக்கு டிஎஃப், பிறகு டிஎஃப்2, டிஎஃப்3, டிஎஃப்_பைனல், டிஎஃப்_பைனல்_புதிது என்று பெயர் வைத்துக்கொண்டே போகிறோம் அல்லவா, அநேகமாக ஒவ்வொன்றும் தனியாக இடம் எடுக்கும். எழுத்து நிரல்கள் இன்னும் மோசம். அட்டவணைகளைக் கையாளுகிற பாண்டாஸ் லைப்ரரியில் ஆப்ஜெக்ட் என்று காட்டுகிற நிரலில் இருப்பவை முழுப் பைதன் பொருள்கள், நான்கு எழுத்துச் சொல்லுக்கும் மேல்செலவாகவே பத்துக்கணக்கில் பைட் போகும். டிஸ்கில் சிறிதாக இருந்த சிஎஸ்வி, மெமரிக்குள் வந்ததும் சில மடங்காக ஊதுவது இதனால்தான். மெமரி யூசேஜ் என்ற பங்ஷனை டீப் என்ற தெரிவோடு ஓட்டிப் பாருங்கள், எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

கம்பஸில் படிக்கிற ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் கேட்ட கேள்வி இது: "அண்ணா, டாஸ்க் மனேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான், ராம் பாதிதான் போயிருந்தது, எண்டாலும் செத்திட்டுது. அப்ப மெமரி இல்லைத்தானே?"

"எந்தச் செல்லில தங்கச்சி?"

"மேர்ஜ் பண்ணுற இடத்தில."

மேர்ஜ் என்றால் இரண்டு அட்டவணைகளை ஒன்றாகச் சேர்ப்பது. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன், எண்கள் கற்பனைதான். கொழும்பு பஸ்களின் ஜிபிஎஸ் பதிவுகள் ஓர் அட்டவணையில் இருக்கின்றன: 20 வழித்தடம், ஒவ்வொன்றுக்கும் 50,000 பதிவு, மொத்தம் பத்து இலட்சம் நிரை, 12 நிரல். இன்னோர் அட்டவணையில் தரிப்பிடங்கள்: வழித்தடத்துக்கு 80 வீதம், 4 நிரல். இரண்டையும் வழித்தட இலக்கத்தை மட்டும் வைத்துச் சேர்க்கிறீர்கள். கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையில் ஓடுகிற 100-ஐ எடுத்தால், அதன் 50,000 பதிவில் ஒவ்வொன்றும் அதன் 80 தரிப்பிடத்தில் ஒவ்வொன்றோடும் சேரும், 40 இலட்சம் நிரை. இருபது வழித்தடத்துக்கும் எட்டுக் கோடி. 15 நிரல், எட்டு பைட் என்று பெருக்கினால் 9.6 ஜிபி. உள்ளே போனது 100 எம்பி கூட இல்லை! இந்த ஏற்றம் ஒரு சில வினாடிக்குள் நடந்துவிடும், டாஸ்க் மனேஜரின் கோடு மேலே ஏறுவதைக் காட்டுவதற்குள்ளேயே கேர்னல் போயிருக்கும், நீங்கள் பார்த்த பாதி அளவு அதற்கு முந்தைய கணத்தினுடையது.

மேர்ஜ் செய்யும்போது வேலிடேட் என்ற தெரிவில் பலவற்றுக்கு ஒன்று என்று கொடுத்தால், இரண்டாவது அட்டவணையில் திறவுநிரலின் (எதை வைத்துச் சேர்க்கிறோமோ அந்த நிரலின்) ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, வந்தால் ஒரு முறையான பிழைச் செய்தியோடு நிற்கும். கேர்னல் சாகாது. இந்தத் தெரிவை ஏன் எந்தப் பயிற்சி வீடியோவிலும் சொல்வதில்லையோ தெரியவில்லை.

மற்ற வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்வி வாசிக்கும்போது தேவையான நிரல்களை மட்டும் எடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் உள்ள நிரலை, மாவட்டப் பெயர் மாதிரி, கேட்டகரி வகையாக மாற்றுங்கள். மிக நுணுக்கமான தசமம் தேவையில்லை என்றால் 64 பிட் எண்களை 32 பிட்டுக்கு இறக்குங்கள், இடம் சரி பாதியாகும். பைல் அதைவிடப் பெரிதென்றால் துண்டு துண்டாக வாசிக்கலாம், அல்லது டக்டிபி என்ற டேட்டாபேஸைப் போடலாம், ராமைவிடப் பெரிய டேட்டாவையும் டிஸ்கின் உதவியோடு அது சமாளிக்கும். மாடல் பயிற்றுவிக்கிற சைக்கிட் லேர்ன் லைப்ரரியில், எத்தனை வேலை ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று சொல்கிற என்ஜொப்ஸுக்கு -1 (எல்லாக் கோரும்) கொடுத்துவிட்டு ஏன் ராம் போகிறது என்று கேட்காதீர்கள், பல வேலைகளில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு வேலையாள் புரோகிராம், ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி. 2 போட்டுப் பாருங்கள்.

ஒரு மறைவான கசிவும் இருக்கிறது. செல்லின் கடைசி வரியில் சும்மா டிஎஃப் என்று எழுதிப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஐபைதன் அப்படிக் காட்டிய ஒவ்வொன்றையும் அவுட் என்ற பட்டியலில் பிடித்து வைத்திருக்கும், பிறகு அதை நீங்கள் திரும்ப எடுக்கலாம் என்பதற்காக. ஆகவே டெல் போட்டு டிஎஃப்-ஐ அழித்தாலும் மெமரி திரும்பி வராது, அந்தப் பட்டியல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் வடிவாக ஓடிய நோட்புக் பின்னேரம் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரீசெட் என்ற மாயக் கட்டளையில் (% குறியோடு தொடங்குகிற ஐபைதன் கட்டளை) அவுட் என்று கொடுத்தால் பட்டியல் காலியாகும். பிரிண்ட் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது, அது அந்தப் பட்டியலில் சேராது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மெஷினில் 16 ஜிபி இருந்தாலும் அது வழக்கமாகப் பாதியைத்தான் லினக்ஸுக்குக் கொடுக்கும். பம்பலப்பிட்டிக்குப் போய்ப் புது ராம் வாங்குவதற்கு முன் அந்த அமைப்பை மாற்றிப் பாருங்கள், காசு மிச்சம்.

எண் 11 என்றால்

பைதனில் மட்டும் எழுதப்பட்ட கோட் இப்படி விழுவது அரிது. கணிதத்துக்கான நம்பை, மாடல் பயிற்றுவிக்கிற பைடோர்ச், படங்களுக்கான ஓபன்சிவி போன்ற லைப்ரரிகள் எல்லாம் உள்ளே சி, சி++ மாதிரி மொழிகளில் எழுதப்பட்டவை, அங்கே ஒரு பிழை என்றால் பைதனின் பாதுகாப்பு வேலை செய்யாது. பெரும்பாலும் லைப்ரரியே பழுது என்பதும் இல்லை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பதிப்புகள் ஒரே இடத்தில் இருப்பதுதான் பிரச்சினை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, 1.x-க்காகக் கட்டப்பட்ட பல லைப்ரரிகள் அதனோடு ஒத்துப்போகாமல் விழுந்தன. ஒரு சூழலில் (ஒரு பைதனும் அதற்கான லைப்ரரிகளும் சேர்ந்த தனித் தொகுப்பில்) லைப்ரரி நிறுவுகிற கருவிகளான கொண்டாவையும் பிப்பையும் மாறி மாறிப் பாவித்தால் இந்த நிலை தானாகவே வந்து சேரும்.

விண்டோஸில் அடிக்கடி வருகிற ஒன்று, பைடோர்ச் ஏற்றிவிட்டு ஒரு சாதாரண வரைபடம் போட்டதும் கேர்னல் சாவது. டெர்மினலைப் பார்த்தால் ஓஎம்பி எரர் 15 என்று இருக்கும், ஒரே இன்டெல் லைப்ரரியின் இரண்டு பிரதிகள் ஒன்றாக ஏறிவிட்டன என்று அர்த்தம். இதற்கு இணையத்தில் உடனே கிடைக்கிற விடை, ஒரு சூழல் மாறியை (என்விரான்மென்ட் வேரியபிள் என்ற இயங்குதள அமைப்பை) ட்ரூ என்று வைத்து எச்சரிக்கையை மூடிவிடுவது. அந்தப் பிழைச் செய்தியே அது பாதுகாப்பற்ற வழி, சத்தமில்லாமல் பிழையான விடை வரலாம் என்று சொல்கிறது. சாகிற கேர்னலைவிடப் பிழையான விடை தருகிற கேர்னல் ஆபத்தானது, நான் என்றால் புதுச் சூழல் ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் ஒரே வழியில் நிறுவுவேன். பழையதைத் திருத்தப் போவதைவிட அது எப்போதும் விரைவாக முடிகிற வேலை. நிறுவிய பிறகு நோட்புக்கில் சிஸ் எக்ஸிகியூட்டபிள் என்பதை அச்சிட்டு, கேர்னல் அந்தப் புதுச் சூழலின் பைதனைத்தான் பாவிக்கிறதா என்று பாருங்கள். பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கும், நாம் புதியதில் மாற்றங்கள் செய்துகொண்டிருப்போம்.

வேறு சில தெரிந்த குற்றவாளிகளும் உண்டு. ஓபன்சிவியின் இம்ஷோ தனி ஜன்னல் திறக்கப் பார்க்கும், நோட்புக்குக்குள் அது கேர்னலை வீழ்த்தலாம், கொலாப் அதைத் தடை செய்தே வைத்திருக்கிறது, படத்தை மேட்ப்ளொட்லிப் என்ற வரைபட லைப்ரரியில் காட்டுங்கள். ரிகர்ஷன் எல்லையை, அதாவது ஒரு பங்ஷன் தன்னைத்தானே எத்தனை தரம் அழைக்கலாம் என்ற வரம்பை, கண்டபடி உயர்த்தினால் பிழைச் செய்தி வருவதற்குப் பதிலாகக் கேர்னல் விழும். கிராபிக்ஸ் கார்டின் மெமரி முடிவது மட்டும் பெரும்பாலும் வேறு விதம், அது சாதாரணப் பிழையாகவே வரும்.

எந்த லைப்ரரி என்று தெரியாவிட்டால்? வெற்று நோட்புக் ஒன்றைத் திறந்து இம்போர்ட்டுகளை ஒரு செல்லுக்கு ஒன்றாக ஓட்டுங்கள். இம்போர்ட்டிலேயே செத்தால் ஆள் அகப்பட்டது. இல்லையென்றால் நோட்புக்கைச் சாதாரண பைதன் பைலாக ஏற்றுமதி செய்து, டெர்மினலில் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். இது பைதன் 3.3-இலிருந்து கூடவே வருகிறது, விழுகிற கணத்தில் எந்தப் பைலில் எந்த வரியில் பைதன் நின்றது என்று எழுதிவிட்டுத்தான் விழும். பைலாக ஓட்டும்போது சாகவே இல்லை என்றால் அதுவும் ஒரு தடயம்: நோட்புக்கில் செல்களை முன்பின்னாக ஓட்டியதால் சேர்ந்த ஏதோ ஒன்று அங்கே காரணமாக இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்லையும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்று இம்போர்ட்டில், நாளை ஒரு கூட்டலில், அடுத்த நாள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது என்று 11 வந்துகொண்டிருந்தால், நோட்புக்கைத் தவிர மற்ற புரோகிராம்களும் இடைக்கிடை விழுகின்றனவா என்று கவனியுங்கள். விழுந்தால் ராம் குச்சியே பழுதாக இருக்கலாம். மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள், ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சியைக் கழற்றிவிட வேண்டியதுதான். சூட்டினால் வருகிற பிரச்சினை வேறு மாதிரி, அதில் மெஷின் வேகம் குறையும் அல்லது முழுதாக நின்றுவிடும், கேர்னல் மட்டும் சாவது அரிது.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால், "கேர்னல் சாகுது, என்ன செய்ய?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். அந்த எண், டெர்மினலின் கடைசி இருபது வரி, ராம் எவ்வளவு, பைதனும் லைப்ரரிகளும் எந்தப் பதிப்பு, ஒவ்வொரு தரமும் ஒரே செல்லிலா வெவ்வேறு இடங்களிலா, இவ்வளவையும் எழுத்தாக அனுப்புங்கள், போனில் எடுத்த மங்கலான படமாக வேண்டாம்.